கணவாயும் எல்லையும்: நல்லேப்பிள்ளி வட்டாரத்தின் அன்றாடப் பயண வரலாறு

பயண வரலாறு எனும்போது நெடுவழிப் பயணங்களே பெரிதும் எழுதப்பட்டுள்ளன. யாத்திரை, படையெடுப்பு, வணிகச் சாத்து, புலம்பெயர்வு ஆகியவற்றிற்குச் சான்றுகள் மிகுதி. காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்புபவரின் பயணம் ஆவணங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. பால் கொண்டு செல்பவர், ஆலைத் தொழிலாளி, கல்லூரி மாணவி, சந்தைக்குச் செல்லும் உழவர் ஆகியோர் வழியில் இழக்கும் நேரமும் படும் இடர்ப்பாடும் ஒரு வட்டாரத்தின் சமூக வரலாற்றில் அடங்கும். கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த நல்லேப்பிள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டு அத்தகைய பயணத்தின் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நல்லேப்பிள்ளி, சித்தூருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடைப்பட்ட ஊர். தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் பகுதி இது. மேற்கே சித்தூரும் பாலக்காடும், கிழக்கே பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் இவ்வூராரின் தேவைகளைப் பகிர்ந்து கொள்கின்றன. அலுவலகமும் நீதிமன்றமும் மேற்கில். சந்தையும் ஆலைவேலையும் உறவினர் வீடும் பெரும்பாலும் கிழக்கில். ஆகவே நாள்தோறும் இருதிசைப் போக்குவரத்து இங்கு இயல்பாக நிகழ்ந்து வந்துள்ளது.

கணவாய் வழி

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்திற்கு விலகி நிற்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். ஏற்றமும் இறக்கமும் குறைந்த சமநிலம். மேலைக் கடற்கரையின் முசிறியையும் சேரர் கருவூரையும் இணைத்த பண்டை வழி இதன் ஊடே சென்றது என்பது வரலாற்றாசிரியர் பலரும் ஒப்புவது. கோவைப் பகுதியில் கிடைத்துள்ள உரோமானியக் காசுகள் இதற்கு வலுவூட்டுகின்றன. சங்க இலக்கியம் காட்டும் உமணரின் உப்பு வண்டிகளுக்கும் இத்தகைய நிலமே ஏற்றது. கொங்கு வட்டாரத்தில் ‘இட்டேரி’ எனப்படும், இருபுறமும் வேலி சூழ்ந்த வண்டித்தடங்கள் அண்மைக்காலம் வரை ஊர்களை இணைத்து வந்தன.

ஆகவே இப்பகுதியில் வழியை இயற்கை அடைக்கவில்லை. மூணாற்றிலோ போடிமெட்டிலோ மலை எதிரே நிற்கிறது. அங்குப் பயணத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை. சமநிலத்தில், கண்ணுக்கெட்டிய தூரத்தில் உள்ள ஊருக்குச் செல்வது எவ்வாறு அரிதாயிற்று என்பதே இங்கு எழும் வினா. இயற்கையைக் குறைகூற இங்கு இடமுண்டெனில் அது காற்றைப் பற்றியதே. தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காகக் கணவாயில் நெருக்குண்டு விரைகிறது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. மிதிவண்டியில் செல்பவருக்கு ஆண்டின் ஒரு பாதியில் போகும்போதும் மறுபாதியில் வரும்போதும் காற்று எதிர்முகமாக அமையும்.

இரு அரசுகளின் நடுவே

நல்லேப்பிள்ளியை உள்ளடக்கிய சித்தூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆனால் கொச்சியின் பிற பகுதிகளோடு அதன் பெரும்பகுதிக்கு நிலத்தொடர்பு இல்லை. பிரித்தானியர் ஆட்சிக்குட்பட்ட மலபார் மாவட்டமும் கோயம்புத்தூர் மாவட்டமும் அதனைச் சூழ்ந்திருந்தன. ஒரு தீவைப் போன்ற நிலை எனலாம். சித்தூரிலிருந்து தம் அரசின் தலைநகரை அடைய ஒருவர் அயல் அரசின் எல்லையைக் கடந்தே ஆகவேண்டும். பொள்ளாச்சிச் சந்தைக்குச் செல்லவும் அவ்வாறே.

1865-இல் பிரித்தானிய இந்திய அரசு, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்றுக்கும் இடையே ஏற்பட்ட வணிக உடன்பாட்டின்படி உள்நாட்டுச் சுங்கத் தடைகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. மன்னராட்சிக் காலத்தில் அகன்ற சாவடி, விடுதலைக்குப் பின் விற்பனை வரியின் பெயரால் அதே வழிகளில் மீண்டும் நிலைகொண்டது. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது வணிகவரிச் சாவடிகள் நீக்கப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில் இரு முறை நீக்கம் நிகழ்ந்திருப்பது இவ்வெல்லை வரலாற்றின் போக்கை நன்கு காட்டுகிறது.

கொச்சியும் திருவிதாங்கூரும் 1949-இல் இணைந்தன. மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தமிழ்ப் பகுதிகளாகக் கோரிய ஒன்பது வட்டங்களுள் சித்தூரும் ஒன்று. 1956 நவம்பர் முதல் நாள் நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவை கேரளத்தில் நின்றன. இன்றைய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரத் தமிழர் இந்த ஒரே முடிவினால் ஒருநிலைப்பட்டவர் ஆயினர். இம்முடிவைப் பற்றிய அரசியல் ஆய்வுகள் பல உள. நாள்தோறும் எல்லை கடப்பவரின் பேருந்துச் சீட்டில் அது எவ்வாறு பதிந்தது என்பது மட்டும் போதிய கவனம் பெறவில்லை.

ஊரைத் தொடாத இருப்புப்பாதை

சென்னையையும் மேலைக் கடற்கரையின் பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை 1862-இல் நிறைவுற்றது. போத்தனூரிலிருந்து வாளையார் வழியாகக் கணவாயைக் கடந்த அப்பாதை, பாலக்காட்டு நகரை விட்டு விலகி ஒலவக்கோட்டில் நிலையம் கொண்டது. பின்னர் ஒரு கிளைப்பாதை நகரை இணைத்தது. சித்தூர் வட்டம் இப்பாதைக்குத் தெற்கே எட்டி நின்றது.

கொச்சி அரசும் இருப்புப்பாதை அமைத்தது. சொரனூரிலிருந்து எறணாகுளம் வரையிலான அப்பாதை 1902-இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. கொச்சியின் முதன்மை நிலப்பகுதிக்கே அது பயன்பட்டது. பறம்பிக்குளம் காடுகளிலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்க 1907-இல் கொச்சி அரசு அமைத்த வன டிராம் பாதை 1963 வரை இயங்கியது. சித்தூருக்குத் தெற்கே உள்ள மலையின் தேக்குமரத்திற்குத் தண்டவாளம் கிடைத்த காலத்தில் சித்தூர்ச் சமவெளியின் மக்களுக்கு அது கிடைக்கவில்லை.

போத்தனூர் - பொள்ளாச்சிப் பாதை 1915-இலும், திண்டுக்கல் - பொள்ளாச்சிப் பாதை 1928-இலும், பொள்ளாச்சி - பாலக்காட்டுப் பாதை 1932-இலும் திறக்கப்பட்டன. இறுதியில் கூறப்பட்டதே இவ்வட்டாரத்திற்கு மிக நெருங்கியது. ஆனைமலை ரோடு, மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு, வடகன்னிகாபுரம், புதுநகரம் எனச் சென்ற அம்மீட்டர் பாதையும் சித்தூர் நகரைத் தொடவில்லை. நல்லேப்பிள்ளியிலிருந்து தொடர்வண்டி ஏற விரும்புபவர் சித்தூரையும் தத்தமங்கலத்தையும் கடந்து புதுநகரத்திற்குச் செல்லவேண்டும். அன்றேல் பாலக்காட்டிற்கே செல்லவேண்டும். பொள்ளாச்சிக்குச் செல்ல நினைப்பவர் முதலில் அதற்கு நேர் எதிர்த்திசையில் பயணம் தொடங்குவது என்னும் விந்தை இதனால் நேர்ந்தது. எனினும் மீட்டர் பாதையின் பயணியர் வண்டிகள் குறைந்த கட்டணத்தில் பழனி, மதுரை, இராமேசுவரம் வரை சென்றுவர உதவின. பாலும் காய்கறியும் மாங்கூடையும் சுமந்தவர் அவ்வண்டிகளையே நம்பினர். ஆலமரங்கள் நிழல் பரப்பும் முதலமடை நிலையம் திரைப்படங்களில் அடிக்கடி தோன்றுவதால் பலருக்கு அறிமுகமானது.

மிதிவண்டி

நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட தொலைவை நிரப்பியது மிதிவண்டி. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான வண்டிகள் வசதி படைத்தோரிடம் மட்டுமே இருந்தன. சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் உற்பத்தியில் இறங்கிய பிறகு நிலைமை மாறியது. சொந்த வண்டி வாங்க இயலாதவர்க்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் துணைநின்றன. கேரியரில் பால்கேன், பாரில் பிள்ளை, கைப்பிடியில் தூக்குப்பாத்திரம் என ஒரு குடும்பத்தின் பொருளியலையே அது சுமந்தது.

மிதிவண்டிக்கும் தொல்லைகள் இருந்தன. உள்ளாட்சி அமைப்புகள் ஆண்டுதோறும் வரி வாங்கி வில்லை வழங்கின. விளக்கின்றி ஓட்டுவதும் இருவர் ஏறிச் செல்வதும் தண்டத்திற்குரிய குற்றங்கள். டைனமோ விளக்கு மிதித்தால்தான் எரியும். எதிர்க்காற்றில் வேகம் குறையும்போது வெளிச்சமும் மங்கும். மாலையில் வேலை முடிந்து இருட்டில் திரும்புபவரே இவ்விதிகளில் மிகுதியும் சிக்கினர் என்பதை எளிதில் உய்த்துணரலாம். ஆயினும் ஒரு சிறப்பு மிதிவண்டிக்கு உண்டு. எல்லையைக் கடக்கும்போது அதற்கு உரிமச்சீட்டோ மேலொப்பமோ வேண்டுவதில்லை. இவ்வட்டாரத்தின் ஊர்திகள் அனைத்திலும் இரு மாநிலங்களையும் ஒரே நிலமாகக் கண்டது இது ஒன்றே.

பேருந்தும் மேலொப்பமும்

1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஓர் அரசு வழங்கிய உரிமம் மற்றொன்றின் எல்லைக்குள் செல்லுபடியாக வேண்டுமெனில் அவ்வரசின் மேலொப்பம் தேவை என வகுத்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்விதியைத் தொடர்ந்தது. மாநிலங்களுக்கிடையே எந்தத் தடத்தில் எத்தனை பேருந்துகள், எத்தனை நடைகள் என்பதை இரு அரசுகளும் உடன்பாட்டின் வழியே வரையறுக்கின்றன. மக்கள் தொகையும் தேவையும் ஆண்டுதோறும் மாறும். உடன்பாடு எப்போதாவதுதான் திருத்தப்படும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இடைவெளியே பேருந்து நிறுத்தத்தில் நெடுநேரம் காத்திருக்கும் பயணியாக உருப்பெறுகிறது எனலாம்.

கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் 1965-இலும் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட சேரன் போக்குவரத்துக் கழகம் 1972-இலும் தோன்றின. ஆயினும் சித்தூர் வட்டத்தின் உட்சாலைகளில் தனியார் பேருந்துகளின் பங்கே மிகுதி. அவற்றுக்குப் பெயர்கள் உண்டு, நிறங்கள் உண்டு. பெயர்ப்பலகை பெரும்பாலும் மலையாளத்தில் அமைந்ததால், அவ்வெழுத்தறியாத முதியோர் வண்டியை அதன் நிறத்தாலும் வரும் நேரத்தாலும் அடையாளம் கண்டனர். 2018 பிப்ரவரி முதல் கேரள அரசு தனியார் பேருந்துகளுக்குச் சீரான நிறங்களை விதித்தது. நகரப் பேருந்துக்குப் பச்சை, ஊர்ப்புறப் பேருந்துக்கு நீலம், குறைந்த நிறுத்தப் பேருந்துக்கு அரக்கு. வண்டிகளுக்கிடையே நிலவிய போட்டியைக் கட்டுப்படுத்தும் நோக்கில் எழுந்த இவ்வாணை பொதுவில் வரவேற்கத்தக்கதே. ஆனால் எல்லா ஊர்ப்பேருந்தும் நீலமான அன்று, எழுத்தறியாதவர் கையிலிருந்த ஒரே அகராதி பறிபோயிற்று. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் தொடர்பு கொள்ள வழிவகுத்தது. தனியார் பேருந்தின் நெற்றிப் பலகை அத்தொடர்பின் எல்லைக்குள் வருமா என்பதைச் சட்டம் எழுதியோர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

ஏழாண்டு இடைவெளி

இந்தியத் தொடர்வண்டித் துறை 1992-இல் ஒரே அகலப்பாதைத் திட்டத்தைத் தொடங்கியது. மீட்டர் பாதைகளை அகலப்பாதைகளாக மாற்றுவதன் தேவையை மறுக்க இயலாது. இரு அளவுகள் சந்திக்கும் நிலையங்களில் பயணியும் சரக்கும் வண்டி மாறும் இடர்ப்பாடு அதனால் நீங்கும். ஆனால் பணி நடைபெறும் காலத்தில் அப்பாதையை நம்பியவர் என் செய்வர் என்பதற்குத் திட்டத்தில் விடையில்லை.

பாலக்காடு - பொள்ளாச்சிப் பாதையில் 2008 டிசம்பரில் வண்டிகள் நின்றன. 2015 நவம்பரில்தான் அகலப்பாதையில் மீண்டும் ஓடின. ஏறக்குறைய ஏழாண்டுகள். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட, மலையோ பெருநதியோ குறுக்கிடாத ஒரு பாதைக்கு இக்காலம் மிக நீண்டதாகும். 1859-இல் தொடங்கிய பஞ்சாப் வழித்தடங்களோடும் 1862-இல் நிறைவுற்ற பேப்பூர்ப் பாதையோடும் இதனை ஒப்பிடுவது முறையன்று எனலாம். அக்காலத் தொழிலாளரின் நிலையும் கூலியும் வேறு. எனினும் ஒரு குழந்தை முதல் வகுப்பில் சேர்ந்து ஏழாம் வகுப்பை முடிக்கும் காலம் ஒரு வட்டாரத்திற்குத் தொடர்வண்டி இல்லை என்பது சிறிய செய்தியன்று.

இடுக்கி எல்லையிலும் இதே நிலை காணப்படுகிறது. 1928-இல் திறக்கப்பட்ட மதுரை - போடிநாயக்கனூர்ப் பாதை, ஏலத்தோட்டங்களின் கீழ்வாயிலாக விளங்கியது. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்ட அப்பாதையில் 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூனில் போடி வரையிலும் வண்டி மீண்டும் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். தேனி மாவட்டத்திலிருந்து குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியே நாள்தோறும் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண் தொழிலாளர் ஜீப்புகளில் நெருக்கி ஏற்றப்பட்டு மலையேறுகின்றனர். அவர்களது பயணம் தனியே ஆராயப்பட வேண்டிய அளவு விரிவானது. பெருநகரங்களை இணைக்கும் முதன்மைப் பாதைகள் பணிக்காக ஆண்டுக்கணக்கில் மூடப்படுவதில்லை. ஓரத்துப் பாதைகளே அவ்வாறு மூடப்படுகின்றன என்பது இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவார்க்குப் புலனாகும்.

பாதை மீண்டபோது பழைய பயணம் மீளவில்லை. சென்னை, திருச்செந்தூர், மதுரை ஆகிய தொலைவூர்களையும் பாலக்காட்டையும் இணைக்கும் வண்டிகள் இப்பாதையில் விடப்பட்டன. திருவனந்தபுரத்திலிருந்து வரும் அமிர்தா விரைவு வண்டியும் இவ்வழியே மதுரைக்கு நீட்டிக்கப்பட்டது. இவற்றின் காலஅட்டவணை நெடுந்தொலைவுப் பயணியை முன்னிறுத்தியது. காலை ஒன்பது மணிக்கு வேலைக்குச் சேர்ந்து மாலை ஆறு மணிக்கு வீடு திரும்ப விரும்புபவரின் நாளோடு அது பொருந்தவில்லை. கொரோனாப் பெருந்தொற்றை அடுத்துச் சாதாரணப் பயணியர் வண்டிகள் விரைவு வண்டிகளாகக் கருதப்பட்டு, குறைந்த அளவுக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. ஒரு நிலையத்தில் ஏறி அடுத்த நிலையத்தில் இறங்குபவருக்கே இம்மாற்றம் மும்மடங்குச் சுமையாக இருந்தது. தொலைவு செல்பவர் அதனை உணர்ந்திருக்க மாட்டார்.

இருசக்கர ஊர்தியும் மகிழுந்தும்

தொடர்வண்டி இல்லாத ஏழாண்டுகளில் பலர் கடன்பெற்று இருசக்கர ஊர்தி வாங்கினர். 1980-இல் அறிமுகமான டி.வி.எஸ். 50 இவ்வட்டார உழவரிடையே முன்னரே வேரூன்றியிருந்தது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பகுதிக்கும், 1984-இல் உற்பத்தி தொடங்கிய வாளையாறு மலபார் சிமெண்ட் ஆலைக்கும் செல்பவருக்கும் இதுவே துணை. மேனோன்பாறையில் இயங்கிவந்த சித்தூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை மூடப்பட்ட பின், உள்ளூரில் வேலை பார்த்தவரும் தொலைவழிப் பயணியாயினர்.

ஊர்தி சொந்தமானாலும் எல்லை நீங்கவில்லை. சித்தூரில் பதிவான வண்டி கே.எல். 70 என்றும் பொள்ளாச்சியில் பதிவானது டி.என். 41 என்றும் எண் தாங்கும். ஒரு மாநிலத்து வண்டி பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் மற்றொன்றில் வைத்திருக்கப்பட்டால் மறுபதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. இரவு ஒரு மாநிலத்திலும் பகல் மற்றொன்றிலும் கழியும் வண்டி எங்கே ‘வைத்திருக்கப்படுகிறது’ என்னும் வினா சட்டப் புலமைக்குரியது. வழிமறிக்கப்பட்டவர் அதற்குச் சாலையோரத்தில் விடையளிக்க நேர்கிறது. தலைக்கவசம் குறித்த சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்று. ஆனால் தமிழகத்தில் 2015-இல் உயர் நீதிமன்ற ஆணையாலும், கேரளத்தில் 2023 ஜூன் முதல் தானியங்கி ஒளிப்படக் கருவிகளாலும் அது இறுகியது. ஒரே பாதையின் இரு பாதிகளில் இருவேறு காலங்களில் விதி விழித்துக்கொண்டது எனலாம்.

வாடகை மகிழுந்துக்கு எல்லையில் தனிவரி. ஆட்டோவுக்குத் தன் மாநில உரிமம் மட்டுமே. கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய எல்லையூர்களில் ஓர் ஆட்டோவிலிருந்து இறங்கி, சாவடியை நடந்து கடந்து, மறுபுறம் வேறொன்றில் ஏறுவது நோயாளிக்கும் முதியோர்க்கும்கூட வழக்கமாயிற்று. வணிகவரிச் சாவடி 2017-இல் அகன்ற பின்னரும் மோட்டார் வாகனத் துறையின் சாவடிகளும் கலால் சாவடிகளும் நீடித்தன. வாளையாற்றில் நாட்கணக்கில் தேங்கி நின்ற சரக்குந்து வரிசை மறைந்தது மட்டும் உண்மையான மாற்றம்.

எல்லை தன் முழு உருவைக் காட்டியது 2020 மார்ச்சில். நாடளாவிய முடக்கத்தையடுத்து, கணவாயைக் கடக்க மின்னணு அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது. ஒரே வயலின் இருபுறத்தும் உறவினர் வாழும் ஊர்களில், பாலைக் கொண்டு செல்பவரும் மருத்துவமனைக்குச் செல்பவரும் கணினியின் முன் விண்ணப்பிக்க வேண்டியவராயினர். சமஸ்தானக் காலத்திலும் காணாத அளவு இறுக்கம் இது.

அடுத்த ஆண்டு, 2021 மே மாதத்தில், தமிழக அரசு தன் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணத்தை வழங்கியது. சித்தூர் வட்டத்திலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு அது எல்லைக்கோட்டிற்கு அப்பால் தொடங்குகிறது. அவர் கொழிஞ்சாம்பாறை வழியே கட்டணம் செலுத்தி எல்லையூர் வரை வருகிறார். அங்கு இறங்கிச் சாவடியைக் கடந்து நடக்கிறார். தமிழகத்துப் பேருந்தில் ஏறுகிறார். மாலையில் அதே தொலைவை எதிர்த்திசையில் நடக்கிறார்.